மூன்று குரலில் பாடுங்கள். எந்த ஊர்ப் பாட்டு என்பதையும் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் வெள்ளவத்தையில் நடைபெற்ற நாட்டார் பாடல் நிகழ்ச்சியொன்றைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். இரண்டு பெண்களும் ஓர் ஆணுமாக மூவர் சேர்ந்து, நம் நாட்டின் பல பகுதிகளையும் சேர்ந்த பழைய பாடல்களையும் தாமே இயற்றிய புதிய பாடல்களையும் ஒரே மேடையில், மேலைத்தேய ஹார்மனி முறையில் மூன்று குரல்களாகப் பிரித்துப் பாடியது அவருக்குப் பிடிக்கவில்லை. நாட்டார் பாடலின் இயல்பை ஹார்மனி சிதைத்துவிடுகிறது என்பதும், பழையதையும் புதியதையும் கலந்து பாடுவது கேட்போரைக் குழப்புகிறது என்பதும் அவருடைய முறைப்பாடுகள். அந்த நிகழ்ச்சிக்கு நானும் சென்றிருந்தேன். முதலாவது முறைப்பாட்டில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் குழப்பத்துக்குக் காரணம் கலந்து பாடியது என்று நான் நினைக்கவில்லை. எந்தப் பாட்டு எந்த ஊரிலிருந்து வந்தது, யாரிடமிருந்து அல்லது எந்தத் தொகுப்பிலிருந்து பெறப்பட்டது, எது அண்மையில் எழுதப்பட்டது என்ற விவரம் ஒரு பாட்டுக்கேனும் அறிவிக்கப்படவில்லை. அதைப் பற்றி எழுதவே இக்கடிதம். குழுவின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இந்தப் பழக்கம் கொழும்பு மேடைகளில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருப்பதால், ஒருவரைத் தனித்துச் சுட்டுவது நியாயமாகாது.

முதலில் ஹார்மனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாட்டார் பாடல் என்பது தனிக்குரல் ஒன்று ஒற்றை மெட்டில் பாடுவது என்ற எண்ணம், அப்பாடல்களைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஏற்படுவது இயல்பே. வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் கரைவலை இழுக்கும்போது பாடப்பட்ட அம்பாப் பாடலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் இழுவையின் வேகத்துக்கு ஏற்ப அதை வாங்கிப் பாடுவார்கள். வாங்கிப் பாடியவர்களின் குரல் அடங்குவதற்கு முன்னரே அடுத்த அடி பல வேளைகளில் தொடங்கிவிடுவதால், இரண்டு வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும். கூத்துக் களரியிலும் அப்படித்தான். ஆட்டக்காரரின் வரியை, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் வாங்கும்போது ஒவ்வொருவரும் தத்தமக்கு எட்டும் உயரத்திலேயே பாடுகின்றனர். இவற்றை ஹார்மனி என்று நான் சொல்ல வரவில்லை. எந்தக் குரல் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துப் பயின்று பாடும் கலை அது. நம் ஊர்களில் அத்தகைய பயிற்சி இருக்கவில்லை. ஆனால் பல குரல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒலிப்பதே நம் பாட்டுக்குப் புறம்பானது என்ற வாதம் கரைவலைக் கயிற்றின் முன்னால் நிற்காது.

அன்றைய மேடையில் அம்பாப் பாடல் பாடப்பட்ட விதம் இதற்கு நல்ல உதாரணம். ஆண்குரல் அடியெடுத்துக் கொடுக்க, பெண்குரல்கள் இரண்டும் பதிலின் கடைசிச் சுரத்தை, ஒன்று காந்தாரத்திலும் மற்றது பஞ்சமத்திலுமாக, நீட்டிப் பிடித்திருந்தன. அந்த நீட்டலின் மேல் அடுத்த அடி வந்து ஏறியது. கயிறு தளராமல் இழுபட்டுக்கொண்டே இருப்பதன் உணர்வை மேடையில் வேறெப்படிக் கொண்டுவரலாம் என்று எனக்குத் தெரியவில்லை. மேளக்காரர் ஒருவரை வைத்துத் தாளத்தை முடுக்கிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. வலை இழுக்கும் வேலையில் அவசரத்துக்கு இடமே இல்லை என்பதை அறிந்தவர்களுக்கு அந்த முடுக்கம் ஒவ்வாது.

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தாது. அந்த மூவரும் அதை அறிந்தே பாடினார்கள் என்பதைத் தங்கள் வாசகர் கவனித்ததாகத் தெரியவில்லை. செஞ்சுருட்டி இராகத்தின் சாயலில் அமைந்த கும்மியொன்றில் மூன்று குரல்களும் தாராளமாகப் பிரிந்து சென்றன. செஞ்சுருட்டி ஹரிகாம்போதியிலிருந்து பிறந்தது. அத்தாய் இராகத்தில் எந்தச் சுரத்தின் மேல் மூன்றாவது சுரத்தை வைத்தாலும் காதுக்கு இசைவான இடைவெளியே கிடைக்கும். நாதநாமக்கிரியையில் அமைந்த பாட்டொன்று வந்தபோதோ நிலைமை வேறு. அதில் காகலி நிஷாதத்துக்கு (உயர்ந்த 'நி') மேல் மூன்றாவதாக வருவது சுத்த ரிஷபம் (தாழ்ந்த 'ரி'). இரண்டுக்கும் இடையில் இருப்பவை இரண்டே அரைச்சுரங்கள். அந்த இடத்தில் இரண்டாவது குரல் கண்ணை மூடிக்கொண்டு முதற்குரலைத் தொடர்ந்தால் உரசல்தான் மிஞ்சும். உரசலைத் தவிர்ப்பதற்காக ரிஷபத்தை உயர்த்தினால் இராகம் கெடும். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. ஒரு குரல் மெட்டைப் பாட, மற்ற இரண்டும் சட்சத்திலும் பஞ்சமத்திலும் சுருதியாக நின்றன. எங்கே பிரிவது, எங்கே பேசாமல் நிற்பது என்ற இந்தத் தெரிவுதான் ஹார்மனிப் பாடகர்களின் தேர்ச்சியை அளக்கும் இடம் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் கீபோர்டைப் பயன்படுத்தவில்லை. சுருதிப்பெட்டியொன்றும், சில பாடல்களுக்கு மட்டும் கிற்றாரும் இருந்தன. சட்சத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையிலான இயற்கையான அதிர்வு விகிதம் 5:4. நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவின் சட்சத் தந்தியைக் கூர்ந்து கேட்டால் அந்தக் காந்தாரம் தானாகவே உள்ளே ஒலிப்பதை உணரலாம். கீபோர்டில் அந்தச் சுரம் ஓர் அரைச்சுரத்தின் ஏழிலொரு பங்கு அளவுக்கு உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. சுருதிப்பெட்டியின் துணையோடு மட்டும் பாடும் மூன்று குரல்கள் இயற்கையான இடத்தில் வந்து அமர முடியும். அவ்வாறு அமரும்போது மண்டபத்தில் எழும் நிறைவான ஒலியை நம் காது அந்நியமாகக் கொள்வதில்லை.

ஒப்பாரியை அவர்கள் ஹார்மனியில் பாடவே இல்லை. அது மிகச் சரியான முடிவு. இழவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழும்போது ஒவ்வொருவரும் தனக்குரிய இழப்பைத் தன் குரலில் சொல்கிறார். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதும் இல்லை. அதை மூன்று சுரங்களில் அழகாக அடுக்கினால் அழுகை போய்க் கச்சேரி வந்துவிடும். ஒருவர் மட்டும் தாளக்கட்டின்றிப் பாட, மற்ற இருவரும் ஒலிவாங்கியை விட்டு விலகி நின்றனர்.

ஹார்மனி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். சிலப்பதிகார உரைகளிலிருந்தும், சுவாமி விபுலாநந்தரின் 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' ஆராய்ச்சியிலிருந்தும் இணை, கிளை, நட்பு, பகை என்னும் நரம்புறவுகளை எடுத்துக்காட்டி, இதுவும் நம்மிடம் முன்பே இருந்தது என்று வாதிட எனக்கு விருப்பமில்லை. சுரங்களுக்கிடையிலான உறவைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்தார்கள் என்பதற்கு அது சான்று. அவர்கள் மூன்று குரல்களில் பாடினார்கள் என்பதற்கு அது சான்றாகாது. ஹார்மனி மேலை நாட்டிலிருந்து, பெரும்பாலும் தேவாலயத்தின் வழியாக வந்தது என்று ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? இசை நாடக மேடைக்கு ஹார்மோனியமும் கச்சேரிக்கு வயலினும் அவ்வாறு வந்தவையே. கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்க் கிறிஸ்தவப் பாடகர் குழாம்கள் தலைமுறை தலைமுறையாக நான்கு குரல்களில் தமிழில் பாடி வருகின்றன. அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இரண்டாவது குரலைப் பிடிப்பது தாய்மொழி பேசுவதைப் போன்றது.

அயலில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 1960களில் இதே கொழும்பில் மூன்ஸ்டோன்ஸ், லொஸ் கபலேரோஸ் போன்ற சிங்களக் குழுக்கள் கிற்றார்களுடன் பல குரல்களில் பாடிப் பெரும் இரசிகர் கூட்டத்தைப் பெற்றன. நம்மவர்களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப் இசையைக் கொண்டுவந்தார்கள். அவை பெரும்பாலும் ஒரு பாடகரை மையமாகக் கொண்டு, துணைக்குரல்கள் பின்னால் நிற்கும் பாடல்கள். மூவரும் சமமாக நின்று பாடும் தமிழ்க் குழுக்கள் ஏன் அப்போது பெருகவில்லை என்பதை இசை வரலாறு எழுதுவோர் ஆராயலாம். நான் சொல்ல வருவது, இப்போது ஒரு குழு அதைச் செய்யும்போது அதை அவசரப்பட்டுத் துரத்தவேண்டியதில்லை என்பதே.

பழையதையும் புதியதையும் ஒன்றாகப் பாடலாமா? பாடலாம், பாட வேண்டும். 1820கள் தொடக்கம் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துவரப்பட்ட மக்கள் தமிழகத்துக் கிராமங்களின் தெம்மாங்கையும் கும்மியையும் தாலாட்டையும் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் அந்த மெட்டுகளுக்குள் கங்காணியும் துரையும், பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பும், கொழுந்தும், லயம் என்னும் வரிசை வீடுகளும் புகுந்தன. மன்னாரிலிருந்து மலைநாட்டுக்கு நடந்த வழிப்பயணமும் பாட்டாயிற்று. அவற்றைத் தேடித் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை, பாடிய மக்களின் வாழ்க்கையோடு சேர்த்தே அவற்றை நமக்குத் தந்தார். பழைய மெட்டில் புதிய சொல் ஏறுவது அம்மக்களுக்கு வழக்கமான செயல். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில், விடிய விடிய ஆடப்படும் கூத்தை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான மேடை நிகழ்ச்சியாகச் சுருக்கி அரங்கேற்றியதும் பெரிய மாற்றமே. அந்த முயற்சி கூத்தை நகரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுவந்தது. அதே சமயம், எந்த மரபிலிருந்து, எந்த அண்ணாவியாரின் துணையோடு அது ஆக்கப்பட்டது என்பதும் மறைக்கப்படவில்லை. இந்த இரண்டாவது அம்சத்தை நம் இன்றைய மேடைகள் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைய புதிய பாடல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குச் சென்ற தாய் தொலைபேசியில் பாடும் தாலாட்டாக அமைந்திருந்த பாட்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நீலாம்பரியைத் தொட்டுக்கொண்டு நடக்கும் அந்த மெட்டில், மேற்குரல் தாயாகவும் கீழ்க்குரல் அரைத்தூக்கத்தில் 'ம்' கொட்டும் பிள்ளையாகவும் ஒலித்தது. மாடிக்குடியிருப்பைப் பற்றிய நகைச்சுவைப் பாட்டு அவ்வளவு தேறவில்லை. சொற்கள் மெட்டுக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டிருந்தன.

இனி, நான் குறையென்று கருதுவதற்கு வருகிறேன். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அறிவிப்பாளர் ஒரே ஒரு முறை "எமது பாரம்பரியப் பாடல்கள்" என்றார். அதன்பின் பாட்டுக்குப் பின் பாட்டாக வந்துகொண்டிருந்தது. கிழக்கின் நான்கடிக் கவியொன்று வந்தது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தமிழரும் முஸ்லிம்களும் பாடிவரும் வடிவம் அது. முஸ்லிம் கிராமங்களில் பெண்கள் கட்டிய கவிகள் ஏராளம். பாடப்பட்ட கவி எந்த ஊரில், எந்தச் சமூகத்தவரிடம் கேட்கப்பட்டது என்று சொல்லியிருந்தால், மண்டபத்தில் இருந்த கிழக்கு மாகாண முஸ்லிம் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! அதைத் தொடர்ந்து வசந்தன் பாட்டொன்று. வசந்தன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940ஆம் ஆண்டிலேயே 'வசந்தன் கவித்திரட்டு' என்று அச்சேற்றியிருக்கிறார். அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தார்களா, இன்றும் கோலாட்டத்தோடு ஆடும் ஒரு கிராமத்தில் கற்றார்களா? இரண்டும் மதிக்கத்தக்க வழிகளே. எது என்று தெரிந்தால் நமக்கு அந்தப் பாட்டு இன்னும் நெருக்கமாகும். அடுத்து வந்த பாட்டு பழையதைப் போலவே ஒலித்தது. இடைவேளையில் விசாரித்தபோதுதான் அது குழுவினரில் ஒருவர் எழுதியது என்று தெரிந்தது. எழுதியவருக்குக் கிடைக்கவேண்டிய பாராட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. பழைய பாட்டென்று எண்ணிக் கைதட்டியவர்கள் நாளை அதைப் பள்ளிக்கூட விழாவில் "நாட்டார் பாடல்" என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இது வீண் கற்பனையன்று. இலங்கை வானொலிக்காகப் பெயர் தெரிந்த கவிஞர்கள் எழுதிய மெல்லிசைப் பாடல்கள், மண்வாசனை இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், நாட்டார் பாடல்கள் என்ற தலைப்பில் பாடப்படுவதை நான் பல விழாக்களில் கேட்டிருக்கிறேன். எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் கழியும்வரை அவருடைய ஆக்கத்துக்கு நம் நாட்டில் பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு என்பதை விழா ஏற்பாட்டாளர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாட்டார் பாடலுக்கு உரிமையாளர் இல்லை, ஆகவே யாரும் எதையும் சொல்லவேண்டியதில்லை என்று சிலர் நினைக்கக்கூடும். நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கென்றே எழுதப்பட்டது. அடையாளம் காணத்தக்க நாட்டார் கலை வெளிப்பாடொன்றை அச்சிடும்போதும் பொதுமக்கள் முன் வைக்கும்போதும், அது பெறப்பட்ட சமூகத்தையோ இடத்தையோ குறிப்பிட்டு அதன் மூலத்தைத் தகுந்த முறையில் தெரிவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. பாட்டைக் கட்டியவர் யார் என்று தெரியாமல் இருக்கலாம்; ஊர் தெரியும், சமூகம் தெரியும். சட்டம் கேட்பதும் அவ்வளவுதான். இதைக் காட்டி யாரையும் வழக்குக்கு இழுக்க வேண்டும் என்பது என் எண்ணமன்று. நுழைவுச்சீட்டு விற்று மண்டபம் நிறைத்துப் பாடும்போது, ஊர்ப் பெயரைச் சொல்வது பாடகரின் நல்ல மனத்தை மட்டும் பொறுத்ததாக இருக்க முடியாது என்பதே நான் சுட்டுவது.

கொழும்பில் இது மற்ற இடங்களை விட முக்கியம். மட்டக்களப்பில், நெற்களத்தில் சூடு மிதிக்கும்போது பாடும் பொலிப்பாட்டு ஒன்றைப் பாடினால், அது எங்கே, எப்போது பாடப்படுவது என்று கேட்போருக்குச் சொல்லவேண்டியதில்லை. வெள்ளவத்தை மண்டபமொன்றில் மன்னாரவரும் வல்வெட்டித்துறையவரும் ஹற்றனிலிருந்து வந்தவரும் காத்தான்குடியவரும் அடுத்தடுத்த கதிரைகளில் இருக்கிறார்கள். ஒருவருடைய ஊரில் வேலையோடு பிறந்த பாட்டு மற்றவருக்கு முதன்முறையாகக் காதில் விழுகிறது. அவர்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் மாடிக்குடியிருப்புகளில் வளர்பவர்கள்; சூடு மிதிக்கும் களத்தையோ கரைவலைத் தோணியையோ பார்த்தறியாதவர்கள். அவர்களுக்கு "பாரம்பரியம்" என்ற பொதுப்பெயரை மட்டும் கொடுத்தால், பத்து ஊர்களின் பாட்டுகளும் ஊரில்லாத ஒரே பாட்டாகிவிடும். மேலும், ஹார்மனியில் பாடும்போது மெட்டிலும் ஓட்டத்திலும் சில மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை. மூலப் பாட்டு எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால்தான், விரும்பியவர் அங்கே சென்று தனிக்குரலில் கேட்டு, எது மாறியது என்று ஒப்பிட முடியும். தங்கள் வாசகர் அஞ்சும் சிதைவுக்கு இதைவிட நல்ல காப்பு எனக்குத் தோன்றவில்லை.

விளக்கம் சொல்லிக்கொண்டே போனால் பாட்டின் சுவை கெட்டுவிடும் என்று மேடைக்காரர்கள் கூறுவதுண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் உரையாற்றும்படி யாரும் கேட்கவில்லை. "முல்லைத்தீவுக் கரையோர அம்பாப் பாட்டு, கடைசி இரண்டு அடிகள் நாங்கள் சேர்த்தவை" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதுவும் கடினமென்றால், வாயிலில் கொடுக்கும் நிகழ்ச்சி நிரலில் அச்சிடலாம். பரத நாட்டிய அரங்கேற்றங்களில் ஒவ்வொரு உருப்படிக்கும் இராகம், தாளம், இயற்றியவர், நடன அமைப்பு எல்லாம் பளபளப்பான தாளில் அச்சாகின்றன. அறிவிப்பாளர் அவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கவும் செய்கிறார். நாட்டார் பாடலுக்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாம் என்று யார் தீர்மானித்தது?

அந்த மூவரும் மீண்டும் பாட வேண்டும். அவர்களைப் போல இன்னும் பலர் வர வேண்டும். அடுத்த நிகழ்ச்சியில், ஹார்மனிக்கு ஏற்ப மெட்டை எங்கே மாற்றினார்கள் என்பதை ஒரு பாட்டிலாவது காட்டினால், முதலில் ஊரில் பாடும் முறையில் தனிக்குரலாகவும் பின்னர் மூன்று குரல்களிலும் பாடினால், தங்கள் வாசகரைப் போன்றவர்களுக்கும் கேட்டு முடிவெடுக்க வாய்ப்புக் கிடைக்கும். மண்டபங்களை நடத்தும் சங்கங்களும் மன்றங்களும் பாடல் பட்டியலை ஊர்ப் பெயர்களுடன் முன்கூட்டியே கேட்டு வாங்குவதை வழக்கமாக்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்திகள் தங்கள் பத்திரிகையில் வரும்போது, பிரதம விருந்தினரின் பெயரும் பொன்னாடை போர்த்தியவரின் பெயரும் தவறாமல் இடம்பெறுகின்றன. பாடப்பட்ட பாட்டுகள் எந்த ஊர்களுக்கு உரியவை, புதிய பாட்டுகளை எழுதியவர்கள் யார் என்பதையும் தங்கள் நிருபர்கள் கேட்டறிந்து இரண்டு வரிகளில் சேர்ப்பார்களானால், மேடையில் சொல்லாமல் விடுபவர்களும் நிருபருக்குச் சொல்வதற்காகவேனும் விவரங்களைத் திரட்டி வைத்திருப்பார்கள்.

இங்ஙனம்,
இசை ஆர்வலர் ஒருவர்,
வெள்ளவத்தை,
கொழும்பு 06.